லோர்ன் போட்ட மூடி

லிண்டல் என்ற அந்தச் சிற்றூரில் வெர்னா பராணியுக்கின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. கெட்ட வாய் என்று சொல்ல முடியாது. யாரைப் பற்றி எதைச் சொன்னாலும் நாலு பேர் நடுவில், சிரிக்கும்படி சொல்வாள். சொல்லப்பட்ட ஆளும் கூடச் சேர்ந்து சிரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அதற்கும் ஒன்று சொல்வாள். பனிக்காலத்தில், பனிக்கட்டித் தரையில் கல்லைச் சறுக்கிவிட்டு ஆடும் கர்லிங் ஆட்டம் நடக்கும் கொட்டகையில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காப்பிக் கோப்பையோடு பெண்கள் உட்காரும் நீள மேசையில் அவள் வந்து உட்கார்ந்தால்தான் பேச்சு சூடுபிடிக்கும். ஊரைச் சுற்றியிருக்கும் பண்ணைகளுக்குத் தபால் கொண்டுபோவது அவள் வேலை. அதனால் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவளுக்கு எப்படியும் தெரிந்துவிடும்.

தபால் வேலைக்கு அவள் ஓட்டியது சொந்தக் கார். நீல நிறம், பழசு, ஆனால் ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. அவள் புருஷன் வால்டர் உயிரோடிருந்தவரை காரைப் பார்த்துக்கொண்டது அவன்தான். எந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டு வாங்கினாலும், வீட்டுக்கு வந்ததும் பானெட்டைத் திறந்து ஒரு தரம் பார்க்காமல் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. அவன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பழக்கம் அவளுக்கு வந்தது. ஆயில் அளக்கிற குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, எண்ணெய் கோடு வரை நிற்கிறதா என்று பார்ப்பாள். பிறகு ஆயில் ஊற்றுகிற வாயின் மூடியைத் திருகிக் கழற்றி உள்ளே எட்டிப் பார்ப்பாள். மூடியின் உட்புறம் பால்கலந்த மாதிரி வெளுத்திருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போகிறது என்று வால்டர் சொல்லிக் கொடுத்திருந்தான்.

ஊரில் இருந்தது ஒரே ஒர்க்‌ஷாப். அதன் முதலாளி ஓரெஸ்ட், வெர்னாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவனிடம் வேலை பார்த்தவன் லோர்ன் யாரெம்கோ. நாற்பது வயதிருக்கும். ஒரு காலத்தில் குடித்துக் குடித்து வேலை, லைசென்ஸ், பெண்டாட்டி மூன்றையும் தொலைத்தவன். வின்னிபெக் நகரத்தில் குடியை நிறுத்த வைக்கும் ஒரு மையத்தில் கிடந்து தெளிந்து திரும்பி வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு சொட்டு தொடவில்லை. லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. பிரிந்துபோன மனைவி ரோண்டா, மகள் டெஸ்ஸை ஹாக்கிப் பயிற்சிக்கு அவன் வண்டியில் அனுப்ப அந்த வசந்தத்தில்தான் சம்மதித்திருந்தாள். இதெல்லாம் ஊருக்கே தெரியும். நல்லபடியாக இருக்கிறான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும்.

அக்டோபரில் வெர்னா காரை ஆயில் மாற்ற விட்டாள். மாற்றியது லோர்ன். அடுத்த திங்கட்கிழமை காலை, தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் வேகம் பிடித்த கொஞ்ச நேரத்தில் எரிந்த எண்ணெய் நாற்றம் அடித்தது. பிறகு பானெட்டின் விளிம்பிலிருந்து நீலப் புகை. ஆயில் விளக்கு எரிவதைப் பார்த்ததுமே வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிட்டாள். அது புத்திசாலித்தனம், எஞ்சின் பிழைத்தது அதனால்தான்.

இழுவை வண்டியோடு வந்தது லோர்ன். பானெட்டைத் தூக்கியதும் அப்படியே நின்றுவிட்டான். எஞ்சின் முழுக்க எண்ணெய் தெறித்து வழிந்துகொண்டிருந்தது. நடுவில், ஆயில் ஊற்றுகிற வாய் ஆவென்று திறந்து கிடந்தது. மூடி இல்லை.

டார்ச்சை எடுத்து பேட்டரிக்குப் பின்னால், பெல்டுக்கு அடியில், கீழே தட்டு வரைக்கும் கையை விட்டுத் துழாவினான். சில சமயம் கழன்ற மூடி எங்காவது மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கிடைக்கவில்லை.

"போட்டேன் மிஸஸ் பராணியுக்," என்றான். "போட்டேன்னுதான் நினைக்கிறேன். க்ளிக்குன்னு சத்தம் கேட்ட ஞாபகம் இருக்கு."

"சத்தம் கேட்டிருந்தா மூடி எங்கப்பா?"

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான். "நான் கொடுத்தப்புறம் நீங்க பானெட்டைத் திறந்து பார்த்தீங்களா?"

"நானா? நான் எதுக்குத் திறக்கணும்?" என்றாள் வெர்னா.

அந்த நேரத்தில் அவளுக்கு ஒன்று ஞாபகம் வரத்தான் செய்தது. சனிக்கிழமை, மாதா கோவில் வாசலில், சவ அடக்கத்துக்குக் காத்திருந்த நேரத்தில் பானெட்டைத் தூக்கிக் குச்சியை உருவிப் பார்த்தது. குச்சியை மட்டும்தான் பார்த்தோம் என்று நினைத்தாள். அதைச் சொன்னால், உன் வேலையை நம்பாமல் சோதித்தேன் என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். அது நன்றாயிருக்காது என்று வாயில் வந்தது அந்தச் சின்னப் பொய். அவனுக்கு நல்லது செய்ததாகக்கூட அவள் நினைத்துக்கொண்டாள்.

ஒர்க்‌ஷாப்பில் லோர்ன் எஞ்சினைக் கழுவித் துடைத்தான். புது மூடி வரவழைத்தான். அதன் உள்வளையத்து ரப்பரை விரலால் சுற்றித் தடவி வெடிப்பு இல்லை என்று பார்த்தான், துளி எண்ணெய் பூசினான், ஊற்றுவாயின் விளிம்பைச் சுத்தமான துணியால் துடைத்து, மூடியை வைத்து அழுத்தி, கால் சுற்றுத் திருகினான். க்ளிக். பிறகு அவளைக் கூப்பிட்டு, "நீங்களே ஒரு தடவை பிடிச்சு ஆட்டிப் பாருங்க," என்றான். அவள் ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

"மன்னிச்சுக்கங்க," என்றான் லோர்ன். "எப்படி விட்டேன்னு தெரியல. என் தப்புதான்."

"பரவால்லப்பா, விடு," என்றாள் வெர்னா, பெருந்தன்மையாக.

அன்று மாலை கர்லிங் கொட்டகையில் அவள் கதையைச் சொன்னாள். புகையை, நாற்றத்தை, தபால் மூட்டையோடு ரோட்டோரம் நின்றதை எல்லாம் சொல்லி முடித்தாள். எதிரில் உட்கார்ந்திருந்த ஐரீன், "பாவம், லோர்ன் மறந்திருப்பான்," என்றாள்.

"மறக்கல ஐரீன்," என்றாள் வெர்னா. "மூடியைக் கழட்டறதுல அவன் கை தேர்ந்தவன். திரும்பப் போடறதுதான் பழக்கமில்ல. பாட்டிலுக்கு எவன் திரும்ப மூடி போடுவான்?"

மேசையே அதிர்ந்தது. ஐரீனுக்குக் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. பக்கத்து மேசை ஆண்கள் திரும்பிப் பார்த்து, என்னவென்று கேட்டு, அவர்களும் சிரித்தார்கள். வெர்னாவுக்கு மனசு குளிர்ந்துதான் இருந்தது.

அந்தப் பேச்சு கால் முளைத்து நடந்தது. தானியக் கிடங்கில் சொன்னார்கள், பால் பண்ணையில் சொன்னார்கள். சொல்லச் சொல்ல சிரிப்பு குறைந்து சந்தேகம் கூடியது. அவன் மறுபடி ஆரம்பித்துவிட்டானாமே, ஒர்க்‌ஷாப்பில் காலையிலேயே வாடை வருகிறதாமே என்று கேள்விகள் கிளம்பின. யார் முதலில் கேட்டது என்று யாருக்கும் தெரியாது. வண்டியை விட வருகிறவர்கள், "நீயே பார்த்துடு ஓரெஸ்ட்," என்று சொல்லத் தொடங்கினார்கள். ஓரெஸ்ட் லோர்னை வெளியே அனுப்பவில்லை. ஆனால் எஞ்சின் பக்கமிருந்து எடுத்து, பெட்ரோல் போடவும் டயர் மாற்றவும் வைத்தான். நவம்பர் நடுவில் ஒரு நாள், ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்காரர் தபாலை வாங்கிக்கொண்டு, அந்த மூடி ஜோக்கை வெர்னாவிடமே சொன்னார், அவள் கேட்டிராத புதுச் சரக்கு மாதிரி. அவள் சிரித்தாள். காரில் ஏறின பிறகு அது முன்பு போல இனிக்கவில்லை. அதே வாரம் ஐரீன் சொன்னாள், ரோண்டா இனிமேல் டெஸ்ஸை லோர்னின் வண்டியில் அனுப்பப்போவதில்லையாம்.

"நம்மளால இருக்குமோ?" என்று ஐரீன் கேட்டாள்.

"நாம என்ன பண்ணினோம்? கார்ல மூடி இல்ல. அது நெசந்தானே," என்றாள் வெர்னா.

டிசம்பர் தொடக்கத்தில் கிழவர் ஹ்னாட்டியுக் இறந்துபோனார். வெர்னா அலமாரியிலிருந்து கறுப்புக் கம்பளிக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். சாவுக்கு மட்டும் போடுகிற கோட்டு அது. மற்ற நாளெல்லாம் தபால்காரச் சட்டையும் தடித்த ஜாக்கெட்டும்தான். கோவிலில் சவப்பெட்டியைச் சுமந்து வந்த ஆறு பேரில் லோர்னும் ஒருவன். இறந்தவருக்காகப் பாடும் நித்திய நினைவுப் பாட்டு தொடங்கியதும் எல்லோரும் எழுந்தார்கள். வெர்னாவுக்குக் கண்ணில் நீர் வந்தது. கைக்குட்டை எடுக்கக் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள்.

கையில் வட்டமாக, விளிம்பில் பல் பல்லாக ஒன்று தட்டுப்பட்டது. பார்க்காமலே விரலுக்குத் தெரிந்துவிட்டது. தபால்காரியாகவும் வால்டரின் பெண்டாட்டியாகவும் அவள் அதை எத்தனையோ தரம் திருகியிருக்கிறாள்.

அப்போது எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. அக்டோபர் சனிக்கிழமை. குளிர் காற்று. கோவில் வாசலில் யாரோ, "லோர்ன்தானே ஆயில் மாத்தினான்? எதுக்கும் ஒரு தரம் பாத்துக்க," என்று சொன்னது. குச்சியைப் பார்த்தது. அது சரியாக இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். மூடியையும் கழற்றி உட்புறத்தைப் பார்த்தாள். அந்த நேரம் மணி அடித்தது, பெட்டி வெளியே வந்தது, கல்லறைக்குப் போகும் கார்கள் வரிசை கட்டின. கையிலிருந்ததைப் பைக்குள் போட்டுக்கொண்டு பானெட்டைச் சாத்திவிட்டு ஓடினாள். கல்லறைக்கும் வீட்டுக்கும் மெதுவாக ஓட்டிய காரில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் கோட்டைக் கழற்றி அலமாரியில் மாட்டினாள். திங்கட்கிழமை நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் எண்ணெய் பீய்ச்சியது.

பாட்டு நடந்துகொண்டிருந்தது. வெர்னா பைக்குள் கையை இறுக மூடிக்கொண்டு நின்றாள். அழுகை நின்றுபோயிருந்தது.

அடக்கம் முடிந்து கோவிலின் கீழறையில் சாப்பாடு. உருளைக்கிழங்கு வைத்து மடித்த பெரோகி, முட்டைக்கோஸ் இலைச் சுருள், பீட்ரூட் சூப். அடுப்பும் ஆட்களுமாக அறை வெந்தது. எல்லோரும் கோட்டைக் கழற்றி வாசலில் மாட்டிவிட்டு வந்தார்கள். வெர்னா மட்டும் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். கழுத்திலிருந்து வியர்வை வழிந்தது.

லோர்ன் வந்து குனிந்தான். "மிஸஸ் பராணியுக், கோட்டைக் கொடுங்க, மாட்டிட்டு வரேன். வேகுதே உங்களுக்கு."

அவன் கை அவள் தோளுக்கு அருகில் வந்தது.

"தொடாதே," என்றாள் வெர்னா. சத்தமாகவே வந்துவிட்டது.

சுற்றி இருந்தவர்கள் திரும்பினார்கள். லோர்ன் கையை இழுத்துக்கொண்டான். அந்த முகத்தில் கோபம் இல்லை. பழகிப்போன ஒன்றை மறுபடி வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. "சரிங்க," என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை அடுக்கப் போய்விட்டான். பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு பெண், தன் கைப்பையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெர்னா அதைப் பார்த்தாள். அந்தப் பெண் அப்படி ஏன் செய்தாள் என்பதும் அவளுக்குப் புரிந்தது.

அன்றே சொல்லியிருக்கலாம். மறுநாளாவது சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. மூடியைச் சமையலறை மேசையில் கவிழ்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். குப்பையோடு போட்டுவிடலாம் என்று ஒரு நாள் தோன்றியது. கடைசியில் அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. மூடி காருக்குள்ளேயே எங்கோ மாட்டிக்கொண்டு கிடந்தது, பல் தேய்ந்து தானாகக் கழன்றது என்று சொன்னால், லோர்ன் மேலும் தப்பில்லை, யார் மேலும் தப்பில்லை. கேட்க எவ்வளவு நன்றாயிருந்தது. இப்படி யோசிக்கிற பெண்ணையா வால்டர் கட்டிக்கொண்டான் என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த நினைப்பையும் தள்ளிவிட்டாள்.

ஓரெஸ்ட் தன் சின்ன அறையில் உட்கார்ந்திருந்தான். வெர்னா மூடியை அவன் முன்னால் வைத்தாள்.

"இது கிடைச்சுது பாரு. முன்னாடி ரேடியேட்டருக்குக் கீழே மாட்டிட்டிருந்தது. பனியைத் தட்டறப்போ விழுந்துச்சு. பல்லு தேஞ்சிருக்கும்னு நினைக்கிறேன், தானா கழண்டிருக்கு. லோர்ன் கிட்ட சொல்லிடு, அவன் மேல தப்பில்லன்னு."

ஓரெஸ்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். பல்லில் தேய்மானம் இல்லை. இரண்டு மாதம் எண்ணெயும் புழுதியும் பனியும் படிந்த எஞ்சினுக்கு அடியில் கிடந்த பொருளில் அழுக்கே இல்லை. ரப்பரைச் சுற்றிக் கறுப்புக் கம்பளிப் பஞ்சு ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு புதினா மிட்டாய், காகிதத்தோடு.

ஓரெஸ்ட் நகத்தால் மிட்டாயைப் பெயர்த்து மேசையில் வைத்தான்.

"உன் எஞ்சின் மிட்டாய் தின்னுதா வெர்னா?"

அவள் காது இரண்டும் கொதித்தன. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ திறந்து பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எப்போ?"

"சனிக்கிழமை. கோவில்ல. அப்ப ஞாபகம் இல்ல ஓரெஸ்ட். சத்தியமா ஞாபகம் இல்ல. குச்சியைப் பார்த்தது மட்டுந்தான்..."

"குச்சியைப் பார்த்தது ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அதையாவது சொல்லியிருக்கலாமே," என்றான் ஓரெஸ்ட். "அதைச் சொல்லியிருந்தா நான் அவன்கிட்ட இன்னொரு தடவை கேட்டிருப்பேன். உன்கிட்டயும் கேட்டிருப்பேன்." கண்ணாடியைக் கழற்றினான். "நானும் யோக்கியன் இல்ல. அவன் வாயை மோந்து பார்த்தேன், தெரியுமா? தினமும் காலையில, குட் மார்னிங் சொல்ற சாக்குல."

மூடியை மேசையில் அவள் பக்கம் தள்ளினான்.

"நான் அவன்கிட்ட சொல்லமாட்டேன்," என்றான் பிறகு. "அது என் வேலை இல்ல. பின்னாடி டயர் கழுவிட்டிருக்கான்."

வெர்னா மூடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்பக்கம் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் நாலடி நடந்தாள். பிறகு காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு பொய் சொன்னதைவிட அப்படித் திரும்பிப் போனதுதான் பிற்பாடு அவளை அதிகம் சுட்டது.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன்பே வந்தாள். லோர்ன் ஒர்க்‌ஷாப் கதவுக்கு முன் பனியை வாரிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் வீட்டில் யோசித்து வைத்த பேச்செல்லாம் காணாமல் போனது. பையிலிருந்து மூடியை எடுத்து நீட்டினாள்.

"இது என் கோட்டுல இருந்துச்சு. நான்தான் கழட்டினேன். நீ ஒழுங்காத்தான் போட்டிருந்தே."

லோர்ன் மண்வாரியைச் சுவரில் சாய்த்தான். மூடியை வாங்கவில்லை, பார்த்தான்.

"எப்போலேருந்து தெரியும்?"

"கிழவர் அடக்கத்தன்னைக்கு."

"கோட்டைக் கேட்டேனே, அப்பவா?"

"அதுக்கு முன்னாடி. பாட்டு நடக்கறப்போ."

அவன் தலையை ஆட்டினான். ரோட்டில் ஒரு லாரி கடந்து போகிற வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் காலையை எத்தனை தடவை நினைச்சுப் பார்த்திருப்பேன் தெரியுமா?" என்றான். "என் கை அதைத் திருகறது எனக்குத் தெரியுது. க்ளிக் கேக்குது. சரி, கை பொய் சொல்லுது, காது பொய் சொல்லுதுன்னு முடிவு பண்ணினேன். குடிச்சுக் குடிச்சு மூளை இப்படி ஆயிடுச்சுன்னு நினைச்சேன். குடியை விட்டவங்க கூடற எங்க கூட்டத்துல எழுந்து நின்னு அதைச் சொன்னேன். அதுக்கு எல்லாரும் கை தட்டினாங்க, தைரியசாலின்னு."

"லோர்ன்..."

"ஒண்ணு சொல்லுங்க மிஸஸ் பராணியுக். அன்னைக்கு ரோட்டுல கேட்டேனே, திறந்தீங்களான்னு. ஏன் இல்லன்னீங்க?"

"வெக்கமா இருந்துச்சு."

"எதுக்கு?"

"உன்னை நம்பாம சோதிச்சேன்னு சொல்ல."

லோர்ன் சிரித்தான். சந்தோஷமான சிரிப்பு இல்லை. "இந்த ஊர்ல யாருங்க என்னை நம்பறாங்க? அதை நீங்க தாராளமா சொல்லியிருக்கலாம். எனக்கு வலிச்சிருக்காது." மண்வாரியை எடுத்தான். "அந்த மூடி ஜோக்கு. அது நல்ல ஜோக்குதான். எனக்கே சிரிப்பு வந்துச்சு, முதல் தடவை கேட்டப்போ. டெஸ் பள்ளிக்கூடத்துல கேட்டுட்டு வந்து என்கிட்ட அர்த்தம் கேட்டா."

வெர்னா மன்னிப்புக் கேட்டாள். அவன் "கேட்டுக்கிட்டேன்" என்றான். "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. பனியை வார ஆரம்பித்தான்.

அன்று மாலை அவள் கர்லிங் கொட்டகைக்குப் போனாள். நீள மேசையில் எல்லோரும் இருந்தார்கள். உட்காரவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே, எந்தச் சிரிப்பும் சேர்க்காமல் சொன்னாள். தான் கழற்றினது, பைக்குள் போட்டது, லோர்ன் கேட்டபோது பொய் சொன்னது, ஓரெஸ்டிடம் இன்னொரு பொய் சொன்னது. பாட்டில் ஜோக் தன்னுடையது என்பதையும் சொன்னாள், அது எல்லோருக்கும் தெரியும் என்றாலும். பக்கத்து மேசை ஆண்களும் கேட்கும்படி குரலை உயர்த்தியே சொன்னாள். நடுவில் ஒரு தரம் நிறுத்தி, மறுபடி தொடர்ந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. திட்டுவார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்றுதான் வந்திருந்தாள். ஐரீன் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "எவ்வளவு பெரிய மனசு உனக்கு," என்றாள். இன்னொருத்தி, "நானா இருந்தா மூடியை ஆத்துல வீசியிருப்பேன்," என்றாள். ஆண்களில் ஒருவர் வந்து கையைக் குலுக்கினார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் ஃபாதர் பெயர் சொல்லாமல், நம் நடுவில் ஒரு சகோதரி தன் தவறைத் துணிந்து ஒப்புக்கொண்டாள் என்று சொன்னார். பாதி சபை திரும்பி அவளைப் பார்த்துப் புன்னகைத்தது. வெர்னா தலையைக் குனிந்துகொண்டாள். தன்னடக்கம் என்று அதையும் மெச்சினார்கள்.

லோர்னைப் பற்றி யாரும் அவ்வளவு பேசவில்லை. "நல்லவேளை, அவன் இல்ல," என்றார்கள். "அவன் பழைய கதை அப்படி, யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க," என்றும் சொன்னார்கள். ஓரெஸ்ட் அவனை மறுபடி எஞ்சின் வேலைக்கு எடுத்துக்கொண்டான். அதற்காக ஓரெஸ்டையும் பாராட்டினார்கள்.

ஐரீன் இன்னொரு தரம் அந்தப் பெரிய மனசு பேச்சை எடுத்தபோது வெர்னா கோப்பையை வைத்தாள்.

"அதை விடு ஐரீன். என்னைப் பத்தி நீங்க பேசப் பேச எனக்குக் குமட்டுது. அவன் எப்படியிருக்கான்னு ஒருத்தர் போய்க் கேட்டீங்களா? உன் காரை அவன்கிட்ட விட்டியா?"

ஐரீன் காரை அவனிடம் விட்டிருக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

ரோண்டாவிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று வெர்னாவுக்குத் தோன்றியது. ரோண்டா பக்கத்து ஊரில் பல் டாக்டரிடம் வேலை பார்த்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வெர்னா அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள். தபாலுக்குக் கையெழுத்து வாங்க வந்ததாக நினைத்து ரோண்டா பேனா எடுக்கப் போனாள்.

"தபால் இல்லம்மா. உன் வீட்டுக்காரர்..." நாக்கு தடுமாறியது. "லோர்ன் விஷயமா வந்தேன்."

வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். நாலாவது தரம் சொல்கிறாள். ஒவ்வொரு தரமும் சுலபமாகும் என்று பார்த்தால் கஷ்டம் கூடிக்கொண்டே போயிற்று. ரோண்டா கதவு நிலையில் சாய்ந்து கேட்டாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏற்கெனவே சொன்னாங்க," என்றாள் ரோண்டா. "அவரே போன் பண்ணினார். டெஸ்ஸை நான் கூட்டிட்டுப் போகட்டுமான்னு கேட்டார். யோசிச்சு சொல்றேன்னேன்."

"இன்னும் என்னம்மா யோசனை? அவன் மேல தப்பே இல்லையே."

"தெரியுது." ரோண்டா அவளை நேராகப் பார்த்தாள். "உங்க பேச்சைக் கேட்டு நான் அவரை நிறுத்தலைங்க. நிறுத்த ஒரு காரணம் தேடிட்டிருந்தேன். தினமும் பயமாவே இருந்துச்சு எனக்கு, அவர் நல்லா இருக்கறதைப் பார்த்தா. உங்க ஜோக் வந்துச்சு, அப்பாடான்னு இருந்துச்சு. அதை நான் யார்கிட்ட போய் சொல்றது?"

வெர்னாவின் வாயில் எப்போதும் ஏதாவது தயாராக இருக்கும். அன்று ஒன்றுமில்லை. "குளிர் உள்ளே போகுதும்மா, கதவைச் சாத்திக்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அதன் பிறகும் அவள் பல வருஷம் தபால் வேலை பார்த்தாள். கர்லிங் கொட்டகைக்கும் போனாள். ஜோக் சொல்வதை அடியோடு விட்டுவிட்டாள் என்று சொன்னால் அது பொய். சொல்வாள், ஆனால் ஆளைப் பற்றி வரும்போது பாதியில் நிறுத்திக்கொள்வாள். மேசையில் உட்கார்ந்தவர்கள் மீதியைக் கேட்டுக் காத்திருப்பார்கள். அது அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. அவள் காரை லோர்ன் மறுபடி தொடவே இல்லை. ஓரெஸ்ட் கேட்டபோது, "அதை நீங்க பாத்துக்கங்க," என்று மட்டும் சொன்னானாம். அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைபட்டுக்கொண்டதில்லை.

அந்தப் பனிக்காலத்திலேயே, ஜனவரி கடைசியில் ஒரு மத்தியானம், பனி உழுது ஒதுக்கிய மண்சாலையில் அவள் தபால் பெட்டி ஒன்றின் முன் நின்றிருந்தாள். எதிரே லோர்னின் பிக்கப் வந்தது. பக்கத்து இருக்கையில் டெஸ், முழங்கால்களுக்கு நடுவே ஹாக்கி மட்டையை நட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெர்னா கையைத் தூக்கினாள். பெண் பதிலுக்குக் கையாட்டினாள். லோர்ன் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, ரோட்டையே பார்த்து ஓட்டிப் போனான்.